தோற்கும் அணிக்கு வந்தவர்

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் குழப்பமாகத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அச்சொட்டாக ஒரே மாதிரி நடக்கும். முதல் கோல் விழும்வரை பதினொரு பேரும் ஓடுவார்கள். விழுந்ததும் பின்களத்தில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரிப்பார்கள். நடுக்களத்தில் ஒருவர் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து, மும்முரமாக ஓடுகிறார் என்று தோன்றும்படி ஓடிக்கொண்டிருப்பார். கோல் காப்பாளர் வலைக்குள் கிடக்கும் பந்தை எடுக்க அவசரப்பட மாட்டார். இரண்டாவது கோலுக்குப் பிறகு பந்தை எவ்வளவு தூரத்துக்கு அடித்து நேரத்தைக் கழிக்கலாம் என்பதுதான் ஆட்டம். முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு பகிடி விடுவார்; எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பகிடியை லேசாக நினைக்கக்கூடாது. அது இல்லையென்றால் அடுத்த கிழமை பயிற்சிக்கு ஆள் வராது.

இப்படித் தோல்வியோடு குடும்பம் நடத்தப் பழகிவிட்ட ஓர் அணிக்குள் தூர தேசத்திலிருந்து ஒருவர் வந்து சேர்கிறார். அவர் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: பாஷை, சாப்பாடு, வெயில், மைதானத்தின் மேடுபள்ளம், கூட ஆடுபவர்களின் கால்பழக்கம். சரிதான். ஆனால் அவற்றோடு அந்த ஒழுங்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால், பந்து வராத இடம் பார்த்து ஓடப் பழகிக்கொண்டால், அவர் வந்ததில் யாருக்கு என்ன பிரயோசனம்? கற்காமலே இருந்தால் அந்நியர். முழுக்கக் கற்றுவிட்டால் தோற்பவர்களில் இன்னொருவர். இந்த இடுக்கில்தான் என் யோசனை சில காலமாகச் சிக்கிக் கிடக்கிறது. காரணம், எங்கள் நாட்டு உதைபந்தாட்ட அணி.

2022 உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் இரண்டாம் சுற்றுக்குள் இலங்கை நுழைந்ததே ஆடாமல் கிடைத்த வெற்றியால். 2019 ஜூனில் மக்காவுடன் முதல் ஆட்டம். 1-0 எனத் தோல்வி. மறு ஆட்டம் கொழும்பில் நடக்க வேண்டும். அதற்கு ஏழு கிழமைக்கு முன்னர்தான் உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்திருந்தன. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம்; அந்தச் சத்தம் செட்டியார் தெருவரை கேட்டது. மக்காவு தன் அணியை அனுப்ப மறுத்தது. ஆட்டம் 3-0 என்று இலங்கையின் பெயரில் எழுதப்பட்டது. எங்கள் ஊரின் துக்கம் எங்கள் அணிக்கு மூன்று கோல் போட்டுக் கொடுத்தது என்று ஒரு நண்பர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் நடந்ததை நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. தென் கொரியாவிடம் ஒரு முறை 8-0, இன்னொரு முறை 5-0. வட கொரியா இடையில் விலகிக்கொண்டதால் அதனுடன் ஆடியது கணக்கில் இல்லை. மிஞ்சிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. வாங்கிய கோல்கள் 23. போட்டவை 2. அந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆளின் காலிலிருந்து வந்தவை. 2021 ஜூன் 5, தென் கொரியாவின் கோயாங் நகரம், லெபனானுக்கு எதிரான ஆட்டம். 3-2 எனத் தோற்றோம். இரண்டையும் போட்டவர் அஹமட் வசீம் ராஸிக்.

ராஸிக் 1994இல் பெர்லினில் பிறந்தவர், இலங்கை வம்சாவளி. யூனியன் பெர்லின் கழகத்தில் வளர்ந்து, பின்னர் மக்டேபுர்க் கழகத்துக்காக ஜேர்மனியின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடியவர். ஜேர்மனியில் அது பெரிய பெயர் அல்ல. மூன்றாம் நிலை என்றால் அங்கே ஆயிரக்கணக்கில் சனம் வந்து பார்க்கும், சம்பளம் ஒழுங்காக வரும், பத்திரிகையில் ஒரு மூலையில் பெயர் வரும், அவ்வளவுதான். ஆனால் உலகத் தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்த எங்கள் அணிக்கு அப்படியொருவர் வருவது பெரிய சங்கதி.

அதே ஆண்டு நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நான்கு நாடுகளின் கிண்ணப் போட்டி நடந்தது. இலங்கை, மாலைதீவு, பங்களாதேஷ், சீசெல்ஸ். ஒரு காலத்தில் குதிரை ஓடிய, இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கிய திடல் அது. மாலைதீவுடனான ஆட்டத்தில் இலங்கை நான்கு கோல் பின்தங்கி நின்றது. நான் மேலே சொன்ன ஒழுங்கின்படி அந்த இடத்தில் ஆட்டம் முடிந்துவிட வேண்டும். கையை விரிக்க வேண்டியவர்கள் விரித்து, பகிடிக்கு நேரம் பார்க்க வேண்டும். முடிவு 4-4. நான்கையும் போட்டவர் ராஸிக். பங்களாதேஷை 2-1 என வென்றபோதும் இரண்டு கோலும் அவருடையவை. இறுதி ஆட்டத்தில் 3-3 என்று நின்று, பெனால்டியில் சீசெல்ஸிடம் தோற்றோம். ஏறத்தாழ ஒரு லட்சம் சனத்தொகை உள்ள நாடு அது. ஆக, கதை வெற்றியில் முடியவில்லை. ஆனால் நான்கு கோல் வாங்கிய பிறகும் பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடிய ஓர் அணியை ரேஸ்கோர்ஸில் கண்டோம். அந்த ஓட்டத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்லுவேன். கோல்கள் ஓராளின் திறமை. ஓட்டம் பதினொரு பேருடையது. நான்கு கோலுக்கும் பந்தைப் பறித்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் புறக்கோட்டைக்கும் மருதானைக்கும் மன்னாருக்கும் பக்கத்து மைதானங்களில் வளர்ந்த, ஜேர்மனியைப் படத்தில் பார்த்த பையன்கள்.

வந்தவர் ஊருக்குப் பழகுவது எப்படி என்று கேட்டால், கொழும்பில் அதற்குப் பாடம் எடுக்கக்கூடிய இடம் புறக்கோட்டைதான். இங்கே இருப்பவரில் பெரும்பாலானோர் எங்கிருந்தோ வந்தவர்கள். கெய்சர் வீதியின் துணிக்கடைகளில் மலையகத்துப் புசல்லாவையும் பொகவந்தலாவையும் நிற்கின்றன. பழைய சோனகத் தெருவின் மொத்தக் கடைகளில் புத்தளத்துக் குரலும் யாழ்ப்பாணத்துக் குரலும் ஒன்றையொன்று மிஞ்சும். செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தலைமுறைகளின் பெயர்ப் பலகைகள். முதலாம் குறுக்குத் தெருவில் மூன்று பாஷையிலும் விலை பேசத் தெரியாதவனுக்கு வேலை இல்லை. மூன்றிலும் எழுதத் தெரிந்தவன் மிகக் குறைவு.

வண்டி இழுக்கும் நாட்டாமிகளைக் கவனியுங்கள். இரண்டு சக்கர மரவண்டி. முன்னால் ஒருவர் பிடித்து இழுக்க, பின்னால் ஒருவர் தள்ள, லொறிக்கும் முச்சக்கர வண்டிக்கும் பாதசாரிக்கும் நடுவே “சைட், சைட்” என்று கத்திக்கொண்டு போவார்கள். புதிதாக வந்தவன் மூட்டைகளை முன்னால் குவிப்பான்; கைப்பிடி கையை இழுத்துத் தரையில் வைக்கும். அல்லது பின்னால் குவிப்பான். கைப்பிடி அவனையே மேலே தூக்கும். பழைய ஆள் வாயால் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. நின்று, இரண்டு மூட்டையை எடுத்து அச்சுக்கு மேலே மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பாரம் குறையவில்லை, அதே மூட்டைகள்தான். ஆனால் இப்போது வண்டி நகரும். தோற்கும் அணிக்கு வந்த நல்ல ஆட்டக்காரர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மற்றவர்களின் திறமையை அவரால் ஒரே இரவில் கூட்ட முடியாது. இருக்கிற பாரத்தை எங்கே வைத்தால் நகரும் என்று ஒருமுறை காட்ட முடியும்.

ஆனால் காட்டிவிட்டுப் போய்விடுகிறவரின் கதை வேறு.

2021 ஜனவரியில் ஜேர்மனியின் ஷல்கே கழகம் லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 30 ஆட்டம் வெல்லாமல் கிடந்தது. இன்னொன்று போனால் 1965-66இல் டாஸ்மானியா பெர்லின் கழகம் ஏற்படுத்திய 31 என்ற அவமானக் கணக்கைத் தொட்டிருக்கும். ஷல்கே சின்னக் கழகம் அல்ல. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊரின் கழகம், ஏழு முறை ஜேர்மன் சாம்பியன். ஜனவரி 9ஆம் திகதி ஹொஃபென்ஹைம் அணியுடன் ஆட்டம். மெத்யூ ஹொப்பி என்ற 19 வயது அமெரிக்கப் பையன் மூன்று கோல் போட்டான், 4-0. ஜேர்மனியின் முதல் நிலை லீக்கில் ஓர் அமெரிக்கர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. கலிபோர்னியாவிலிருந்து 2019இல் இளையோர் அணிக்கு வந்து, முதல் அணியில் அப்போதுதான் காலடி வைத்தவன். அந்த முப்பது ஆட்டங்களின் பெரும்பகுதியில் அவன் களத்தில் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: கோல் காப்பாளர் முன்னால் வரும்போது பந்தை அவர் தலைக்கு மேலாக மெல்லத் தூக்கிப் போட அவனுக்கு மனம் வந்தது, அந்த அணியில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்று அவனுக்கு இன்னும் தெரியாதிருந்ததால்தான். எப்படியும் தவறிவிடும் என்பது.

அறியாமை இப்படி ஒரு நாள் உதவும். அடுத்த மாதங்களில் என்ன நடந்தது? ஏப்ரலில் ஷல்கே கீழ் லீக்குக்கு இறங்கியது. முழுப் பருவத்திலும் வென்றது மூன்றே ஆட்டம். ஓகஸ்டில் ஹொப்பி ஸ்பெயினுக்குப் போனான். அவனைக் குறை சொல்லவில்லை. இருபது வயதே ஆனவன், தொழில் செய்ய வந்தவன், நல்ல இடம் கிடைத்தது. ஆனால் ஷல்கே ரசிகர்களிடம் அந்த ஜனவரி மாலை ஒரு நல்ல நினைவாகத்தான் மிஞ்சியிருக்கும். நம்பிக்கை வந்தது, தங்கவில்லை.

இன்னோர் அமெரிக்கரின் கதைக்கு இவ்வளவு வெளிச்சம் இல்லை. ஸ்டீவ் செருண்டோலோ 1999 ஜனவரியில், தன் 19ஆவது வயதில், ஹனோவர் 96 கழகத்துக்குப் போனார். அப்போது அது இரண்டாம் நிலை லீக்கில் கிடந்த கழகம். 2002இல் மேலே ஏறியது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு, கீழே விழுந்துவிடாமல் இருப்பதே வேலை. 2009 நவம்பரில் அந்த அணியின் கோல் காப்பாளரும் தலைவருமான ரொபர்ட் என்க தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அணி நொறுங்கியது. தோல்வி மேல் தோல்வி. பருவத்தின் கடைசி நாளில் போஹும் நகரில் 3-0 என வென்றுதான் லீக்கில் தப்பியது. செருண்டோலோ அப்போதும் அங்கேதான் இருந்தார். அதன்பின் அவர் தலைவரானார். அடுத்த பருவத்தில் ஹனோவர் நான்காம் இடத்தில் முடித்தது. 2014இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்துக்கு அவர் ஆடவில்லை. முதல் நிலை லீக்கில் மட்டும் 302 ஆட்டங்கள். ஊர்ச்சனம் அவரைச் செல்லமாக ஹனோவரின் மேயர் என்று அழைத்தது.

ஒஸ்னாப்ரூக் என்ற இன்னும் சிறிய கழகத்தில் ஜோ ஈனொக்ஸ் என்றொரு கலிபோர்னியாக்காரர். 1996 முதல் 2008 வரை. கழகம் இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் முழுவதும் கூடவே ஏறி இறங்கினார். பிறகு அதே கழகத்துக்குப் பயிற்சியாளர் ஆனார். 2017இல் அணி சறுக்கியபோது பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எனக்கு இந்தக் கடைசி விபரம் மிகவும் பிடிக்கும். விருந்தாளியை யாரும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். சொந்தக்காரனோடுதான் அப்படிச் சண்டை பிடிக்கலாம்.

இவர்கள் இருவரும் ஷல்கேயின் பையனைவிடச் சிறந்தவர்களா என்பதல்ல என் கேள்வி. ஹொப்பிக்கு அந்த அணியின் தோல்வி இன்னும் தெரிந்திருக்கவில்லை, அதனால் பயமில்லை. செருண்டோலோவுக்குத் தெரியும், எல்லாம் தெரியும். உடைமாற்றும் அறையில் ஒரு கதிரை வெறுமையாகிவிட்ட பிறகும் அடுத்த நாள் பயிற்சிக்குப் போனவர் அவர். தோல்வியை அறியாதவன் கொண்டுவரும் நம்பிக்கையும், அதை முழுக்க அறிந்தவன் வைத்திருக்கும் நம்பிக்கையும் ஒரே சரக்கு அல்ல. முதலாவது கடன், வந்தவரோடு திரும்பிப் போய்விடும். இரண்டாவது அந்த ஊரிலேயே சம்பாதித்தது.

புறக்கோட்டைக்கு இது புதிய பாடம் அல்ல. 1915இல் முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் பிறகு பல வாரம் கருகிய துணி நாற்றம் அடித்ததை இன்றைக்கும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1987 ஏப்ரலில் பஸ் நிலையத்தில் குண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வொரு முறையும் சிலர் போனார்கள், சிலர் அதே இடத்தில் மறுபடி கதவைத் திறந்தார்கள். இங்கே ஒரு கடைக்காரரைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் அவருடைய லாபத்தைச் சொல்ல மாட்டார்கள். “எண்பத்து மூண்டுக்குப் பிறகும் திறந்த கடை” என்பார்கள். அதற்குமேல் சான்றிதழ் தேவையில்லை. வந்த ஆண்டைவிட, எல்லாம் போன பிறகு நின்ற ஆண்டுதான் இந்தத் தெருக்களில் ஒருவருடைய முகவரி.

ஆனால் போனவர்களை என்ன சொல்வது? இதைத் தொடாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. எண்பத்து மூன்றுக்குப் பிறகு கப்பலேறியவர்களும் விமானமேறியவர்களும் கோழைகள் அல்லர். உயிரோடு இருக்க வேறு வழி தெரியாமல் போனார்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு லண்டனோ டொரொண்டோவோ பெர்லினோ தொலைபேசியில் இருக்கும். இன்று எங்கள் அணிக்கு வருபவர்களில் பலர் அப்படி, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு காரணத்தால், நாட்டை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள்.

2023 ஜனவரியில், நிர்வாகத்தில் வெளித் தலையீடு என்று சொல்லி, ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் மாதக் கடைசியில்தான் தடை நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, நாடு பெற்றோல் வரிசையில் நின்ற ஜூனில், அணி உஸ்பெகிஸ்தான் போய் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றுத் திரும்பியிருந்தது; ஒரு கோல்கூட இல்லை. கொரோனா, பொருளாதார நெருக்கடி, தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் உள்ளூர் லீக்குகள் சிதறிப் போயின. இருபது வயதில் ஆட வேண்டிய பையன் முச்சக்கர வண்டி ஓடப் போனான். சிலர் கட்டாருக்குப் போனார்கள், ஆட அல்ல, வேலைக்கு.

தடை நீங்கிய பின் அணியைக் கட்ட எளிய வழி வெளியே தேடுவது. குவைத்திலிருந்து அப்துல்லா அல்முத்தைரி பயிற்சியாளராக வந்தார். அவுஸ்திரேலியாவிலிருந்து ஜெக் ஹிங்கேர்ட், ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டன் கழகத்திலிருந்து கிளோடியோ கம்மர்க்னெக்ட், சுவீடனிலிருந்து ஆதவன் ராஜமோகன் என்று பெயர்கள் வந்தன. ஆதவன் என்ற பெயரை அணிப் பட்டியலில் வாசித்தபோது வெள்ளவத்தை வீடுகளில் எழுந்த உணர்ச்சி ஒரே மாதிரி இருந்திருக்காது. அந்த உடையை ஒரு தமிழ்ப் பிள்ளை அணிவதில் சிலருக்குப் பெருமை. சிலருக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு.

2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0. நொம்பென்னில் 2-2, பெனால்டியில் 4-2 என்று வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குள் போனோம். 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என வென்றோம். அணி மாறிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

உடனே எதிர்ப்பேச்சும் கிளம்பியது. “இவங்க மெட்ச்சுக்கு மெட்ச் ப்ளைட்ல வந்து, ஆடிட்டு, ப்ளைட்ல போற ஆக்கள். நம்ம பையன் எங்க போவான்?” கொட்டாஞ்சேனையில் ஒரு தேநீர்க் கடையில் கேட்டேன், அதே வாசகத்தை வேறு வேறு குரலில் பல இடத்தில் கேட்கலாம். இதில் பாதி உண்மை. தோல்வியிலிருந்து எழுந்து போக ஒரு விமானச்சீட்டு வைத்திருப்பவரும், அந்தத் தோல்வியோடு அதே ஒழுங்கையில் வீடு போய்ச் சேர வேண்டியவரும் ஒரே ஆட்டத்தை ஆடவில்லை. நான் மேலே செருண்டோலோவை வைத்துச் சொன்னதும் இந்தப் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லும். தங்கிப் பார்க்கட்டும், நட்டத்தில் பங்கெடுக்கட்டும், பிறகு சொந்தக்காரர் என்போம்.

இப்படித்தான் நானும் யோசித்து, இங்கேயே பேனாவை மூடிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் தங்குவாயா என்று நாம் யாரிடம் கேட்கிறோம்? தங்க முடியாமல் போனவர்களின் பிள்ளைகளிடம். கேட்கிற நாம் தங்கினோமா? நாட்டில் தங்கினோம், சரி. அந்த அணியோடு?

1995இல் இதே கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த அணி இது. அடுத்த ஆண்டு கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வந்தது. சனம் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. போனதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், வெற்றி இருக்கிற இடத்துக்குச் சனம் போகும். ஆனால் அதன்பின் உதைபந்தாட்ட அணி ஆடிய கால் நூற்றாண்டும் யார் பார்த்தது? அந்த 23 கோலும் விழுந்தபோது யாருக்கு வலித்தது? கையை விரித்த பின்களக்காரரைக் கேலி செய்யவாவது நாம் இருந்தோமா? தோற்கும் அணியை முதலில் கைவிடுகிறவர் வந்து போகும் ஆட்டக்காரர் அல்லர். ஊர்தான். பெர்லினிலிருந்தும் டிரெஸ்டனிலிருந்தும் வந்தவர்கள், சொந்தக்காரர் எழுந்து போய்விட்ட வீட்டுக்கு வந்து விளக்கேற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் குடியுரிமை விசாரிக்கிற நாம் வீதியில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள். ஹனோவர் தன் மேயரைப் பெற்றதற்குச் செருண்டோலோவின் விசுவாசம் மட்டும் காரணம் அல்ல. கீழ் லீக்கில் கிடந்த நாளிலும் சனிக்கிழமை வந்து உட்கார்ந்த சனம் ஒன்று அங்கே இருந்தது. அவர் தங்குவதற்கு ஓர் ஊர் இருந்தது.

இந்த எண்ணத்தோடுதான் புறக்கோட்டையில் ஒரு விளையாட்டு உடைக் கடைக்குள் ஏறினேன். குறுக்குத் தெரு ஒன்றின் உட்புறம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். கூரையிலிருந்து தொங்கும் கம்பியில் மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே. தரையில் பொலித்தீன் உறையோடு கிரிக்கெட் சேர்ட் கட்டுகள். மூலையில் ஹீட் பிரெஸ் மெஷின். பொகவந்தலாவைப் பையன் ஒருவன் வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக முதுகுத் துணியில் அடுக்கி, விரலால் இடைவெளி அளந்து, சூடான மேல்தட்டை இறக்கினான். மெஷின் கீச்சிட்டதும் தட்டைத் தூக்கி, ஆறும்வரை ஊதி, மேலிருந்த மெல்லிய தாளை ஒரு முனையிலிருந்து உரித்தான். முகத்துவாரத்துக் கழகம் ஒன்றின் சேர்ட்டுகளாம். அதில் ஓர் எழுத்து சரிந்திருந்தது. பையன் அதைத் தனியாக எடுத்து வைத்தான், யாரும் சொல்லாமலே.

மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் கேட்டேன். “நானா, நம்ம நாட்டு டீம் சேர்ட் இருக்கா?”

“ஈக்கிது. எந்த சைஸ்?” கிரிக்கெட் கட்டின் பக்கம் கை போனது.

“அது இல்ல. உதைபந்தாட்டம்.”

கை நின்றது. “அது யாரும் கேக்கிறல்ல.” கொஞ்சம் யோசித்தார். “அது இப்ப எந்தக் கலர்?”

பையன் நீலம் என்றான். சேர்ட் வாங்க வந்திருந்த முகத்துவாரத்து இளைஞர் மஞ்சள் என்றார். இருவரும் சண்டைக்குத் தயாரானார்கள். பையன் கைபேசியை எடுத்துத் தேடி, படத்தைப் பெரிதாக்கி நானாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணியின் நெசவைப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். இந்த நீலத்தில் துணி இருக்கிறது, கொலர் மட்டும் வேறு மாதிரி வரும், பரவாயில்லையா என்றார்.

“பரவாயில்ல. பின்னால ராஸிக் என்று பேர் அடிக்கணும்.”

“பேர் அடிக்கலாம். எத்தின?”

“ஒண்டு.”

“ஒண்டுக்குத் துணி வெட்டேலாது. பன்னெண்டுக்குக் கொறய ஆர்டர் எடுக்கிறல்ல.” கல்குலேட்டரை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். “இன்னும் பதினொரு பேரக் கூட்டிட்டு வாங்கொ, நாளைக்கே அடிச்சுத் தாரன்.”